கொலோஸியத்தின் வாயிலில் தரகர்கள்

இத்தாலி தேசத்தில் வியாபாரப் போட்டி நியாயமாக நடைபெறுகிறதா என்று கவனிப்பதற்காகச் சட்டப்படி ஏற்பட்ட ஓர் அதிகார சபை இருக்கிறது. 2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தச் சபை ஒரு முக்கியமான உத்தரவு பிறப்பித்தது. ரோமாபுரியிலுள்ள கொலோஸியம் என்னும் புராதன அரங்கத்துக்கு டிக்கட் விற்கும் உரிமையை 1997 முதல் 2024 வரையில் வைத்திருந்த கோஆப்கல்ச்சர் என்ற கூட்டுறவு ஸ்தாபனத்துக்கு 70 லட்சம் யூரோ அபராதம். பிரயாணிகளை அழைத்துச் சென்று காட்டும் தொழில் நடத்தும் ஆறு கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 1 கோடியே 30 லட்சம் யூரோ அபராதம். ஆகக் கூடி ஏறக்குறைய 2 கோடி யூரோ. ஒரு பழைய கட்டடத்தைப் பார்ப்பதற்கான நுழைவுச் சீட்டு சம்பந்தமாக இவ்வளவு பெரிய தண்டனையா என்று சிலர் வியக்கலாம். விஷயத்தை விசாரித்துப் பார்த்தால் தண்டனை பெரிது என்று தோன்றாது. காலந் தாழ்ந்து வந்தது என்றே தோன்றும்.

கொலோஸியத்துக்குள் ஒரே சமயத்தில் 3,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று நிர்வாகிகள் வரையறுத்திருக்கிறார்கள். வருகிற ஜனங்களின் தொகையோ மிகப் பெரிது. அரங்கமும், அதை அடுத்துள்ள ஃபோரம், பலத்தீன் குன்று முதலியவையும் சேர்ந்த தொல்பொருள் வளாகத்துக்கு 2024ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 1 கோடியே 47 லட்சம் பேர் வந்தனர். ஆகவே, இன்ன நாள், இன்ன மணி என்று குறித்து முன்கூட்டியே டிக்கட் வாங்கும் முறை ஏற்பட்டது. பார்க்கப் போகும் தினத்துக்கு 30 நாட்களுக்கு முன் இணையத்தில் விற்பனை திறக்கும். 2025இல் சாதாரண டிக்கட்டின் விலை 18 யூரோ. அரங்கம், ஃபோரம், குன்று ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு சீட்டே போதும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. காகிதத்தில் படித்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காரியத்தில் நடந்தது வேறு. குடும்பத் தலைவன் ஒருவன் கணினியின் முன் உட்கார்ந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, பெயர்களைப் பதிவு செய்து முடிப்பதற்குள் டிக்கட்டுகள் தீர்ந்து போயின. ‘பாட்’ எனப்படும் தானியங்கிக் கணினி நிரல்கள் நுழைந்து அவற்றை அள்ளிக்கொண்டு போயின. அந்த டிக்கட்டுகள் பிறகு யாத்திரைக் கம்பெனிகளின் கடைகளில் வழிகாட்டி, வரவேற்பு, வரிசையில் நிற்காமல் நுழையும் வசதி என்ற அலங்காரங்களுடன் பன்மடங்கு விலைக்குத் தோன்றின. சாதாரண விலைக்குச் சாதாரண டிக்கட் வேண்டும் என்று கேட்டவனுக்கு நீண்ட காலமாகக் கிடைத்த பதில் ‘இல்லை’ என்பதே. 2023ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் விசாரணையைத் தொடங்கிய அதிகார சபை இதைத்தான் கண்டு சொல்லிற்று.

தரகர்கள் தரகர்களாக நடந்துகொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம்மை அதிகமாகத் துணுக்குறச் செய்வது வேறொரு பகுதி. யந்திரங்கள் டிக்கட்டுகளை வாரிக்கொண்டு போவதைத் தடுக்கத் தக்க ஏற்பாடுகளை விற்பனை உரிமையாளர் செய்யவில்லை என்று சபை கூறுகிறது. அது மட்டுமன்று. கணிசமான டிக்கட்டுகளை அவர்களே ஒதுக்கி வைத்துக்கொண்டு, தாங்கள் நடத்தும் விளக்கச் சுற்றுலாவுடன் சேர்த்து விற்று நல்ல லாபம் சம்பாதித்தார்கள் என்றும் கூறுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை! ஜன்னலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்க நியமிக்கப்பட்டவன், ஜன்னலை மூடிவிட்டுப் பக்கத்தில் தானே ஒரு கடை திறந்தால், அவனுக்கும் தரகனுக்கும் வித்தியாசம் என்ன? அபராதம் விதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாம். அது அவர்களுடைய உரிமை. ஆனால் பொது ஜனங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி நீதிமன்றத்தோடு முடிவதன்று. பொதுச் சொத்தின் வாயில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

இந்த அரங்கத்தின் பூர்வ சரித்திரத்தையும் சற்று நினைவுகூர வேண்டும். வெஸ்பாஸியன் என்னும் சக்கரவர்த்தி ஆரம்பித்து, அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்தது இது. யூதர்களின் நாட்டைச் சூறையாடிக் கொண்டுவந்த கொள்ளைப் பொருளைக் கொண்டு கட்டியது என்று சரித்திரக்காரர்கள் கூறுகின்றனர். மனிதனும் மிருகமும் செத்து விழுவதைப் பார்த்து ஜனங்கள் ஆரவாரம் செய்த இடம். அந்த ஏகாதிபத்தியத்தின் மீது நமக்கு எள்ளளவும் அபிமானம் இல்லை. ஆயினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அன்று இதன் வாயிலில் யாரும் பணம் வாங்கவில்லை. சுற்றிலும் 80 வாயில்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் எண்கள் பொறித்திருந்தன. சில எண்களை இன்றும் கண்ணால் பார்க்கலாம். அந்தஸ்துக்குத் தக்க இடம். செனட் சபையினருக்குக் கீழே, அரங்கத்துக்கு அருகில். ஏழைகளுக்கும் ஸ்திரீகளுக்கும் உச்சியில். பாரபட்சம் நிறைந்த முறைதான். ஆனால் அந்தக் கொடுங்கோலர்களும் ஏழையை மேல் தட்டில் உட்கார வைத்தார்களேயொழிய, வெளியே நிறுத்தவில்லை. குடியரசாகிவிட்ட இத்தாலியில், அதே வளைவுகளின் கீழ், கையில் 18 யூரோவை வைத்துக்கொண்டு ஒருவன் வெளியே நின்றான்.

இப்படியெல்லாம் தொல்லை வருகிறது என்றால் முன்பதிவு முறையையே ஒழித்துவிடலாமே என்று கூறுவோரும் உளர். அந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. ஏறக்குறைய 2,000 வருஷத்துக் கற்கள் அளவற்ற கூட்டத்தின் மிதியைத் தாங்க மாட்டா. குறுகிய படிகளிலும் வளைவுகளிலும் நெருக்கடி ஏற்பட்டால் உயிர்ச் சேதம் நேரிடலாம். கூட்டத்துக்கு ஓர் அளவு வைப்பது நியாயம். அளவு வைத்தால், யார் உள்ளே போவது என்று தீர்மானிக்க ஒரு முறை வேண்டும். வெயிலில் ஐந்து மணி நேரம் நிற்கக்கூடிய திடகாத்திரனுக்கே இடம் என்பதைக் காட்டிலும், முன்கூட்டிக் கேட்டவனுக்கு இடம் என்பது மேலானது. கிழவரும் கைக்குழந்தையோடு வருகிற தாயும் குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரத்தில் நுழையலாம். முன்பதிவின் நோக்கம் உயர்ந்ததே.

ஆனால் தெருவில் நிற்கும் வரிசைக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அதில் ஒரு மனிதன் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். நடுவில் எவனாவது புகுந்தால் பின்னால் நிற்கும் நூறு பேர் கண்ணுக்கும் அது தெரியும், கூச்சல் போடுவார்கள். இணையத்து வரிசையில் ஒரு யந்திரம் ஆயிரம் இடத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கக் கண் இல்லை; கேட்க நாதி இல்லை. தெரு வரிசையைக் காத்து வந்த ஜனங்களின் கண்ணுக்குப் பதிலாக வேறொரு காவல் வைக்காமல், வரிசையை மாத்திரம் இணையத்துக்குக் கொண்டுபோனதுதான் தவறு. அந்தக் காவலை வைக்க வேண்டியது சர்க்கார். சர்க்கார் அதை ஒப்பந்தக்காரரிடம் விட்டது. ஒப்பந்தக்காரர் அதைக் காற்றில் விட்டார்.

கம்பெனிக்காரர்களின் தரப்பில் சொல்லப்படும் வாதத்தையும் கேட்போம். ‘நாங்கள் வெறும் டிக்கட்டை விற்கவில்லை, சரித்திரம் தெரிந்த வழிகாட்டியைத் தருகிறோம். அந்த உழைப்புக்கு விலை இல்லையா?’ என்கிறார்கள். உண்டு. நல்ல வழிகாட்டி இல்லாமல் போகிறவனுக்குக் கொலோஸியம் வெறும் கற்குவியலாகத் தோன்றினும் தோன்றும். அது கௌரவமான தொழில். ஆனால் அந்தத் தொழிலை விரும்பியவன் விரும்பி அமர்த்திக்கொள்ள வேண்டும். சீட்டைப் பதுக்கி வைத்துக்கொண்டு, ‘வழிகாட்டியையும் சேர்த்து வாங்கினால்தான் சீட்டு’ என்பது அரிசிப் பஞ்ச காலத்தில், ‘பருப்பும் வாங்கினால்தான் அரிசி தருவேன்’ என்று சொல்லும் கடைக்காரனின் நியாயம். பஞ்சத்தை உண்டுபண்ணினவனும் அவனே என்றால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

2023ஆம் வருஷம் அக்டோபர் 18ஆம் தேதி முதல் கொலோஸியம் டிக்கட்டில் பிரயாணியின் பெயரை எழுத வேண்டும், வாயிலில் அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஸ்பெயின் தேசத்தில் கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா அரண்மனைக்கும் இப்படியே பெயருடன்தான் சீட்டு. பெயரெழுதிய சீட்டைக் கைமாற்றுவது கடினம். ஆகையால் இதை வரவேற்கிறோம். ஆனால் இதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து ரோமாபுரிக்குப் புறப்படும் ஒருவருக்கு ஐரோப்பிய விசா வேண்டும். விண்ணப்பத்தைத் தீர்மானிக்கச் சாதாரணமாக 15 நாள். சில சமயங்களில் 45 நாள் வரையிலும் ஆகலாம். டிக்கட்டோ 30 நாட்களுக்கு முன் விற்பனைக்கு வந்து தீர்ந்துவிடும். விசா வரும் என்ற நிச்சயம் இல்லாமல் பெயரெழுதிச் சீட்டு வாங்குவதா? விசா வந்த பிறகு தரகனிடம் போய் நிற்பதா? பக்கத்து ஊர்க்காரனுக்குச் சிறு தொல்லையாக இருப்பது தூர தேசத்தவனுக்குப் பெருந்தொல்லையாகிறது. ஒரே நாளில் எல்லாச் சீட்டையும் விற்காமல், ஒரு பங்கைக் கடைசி நாட்களுக்கு வைத்திருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

தரகர் விஷயம் இத்தாலிக்கு மாத்திரம் உரியதன்று. தென் அமெரிக்காவில் பெரு தேசத்தில் மச்சு பிச்சு என்னும் மலைநகரம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இன்கா அரசர்கள் காலத்தில் கட்டப்பட்டது. 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரையறை உண்டு. 2024ஆம் வருஷ ஆரம்பத்தில் அதை 4,500 ஆகவும், சில குறிப்பிட்ட நாட்களில் 5,600 ஆகவும் உயர்த்தினார்கள். அதே ஜனவரியில் இணையத்தில் டிக்கட் விற்கும் வேலையை அந்நாட்டுக் கலாசார மந்திரி இலாகா ஜாயினஸ் என்ற தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தது. மலையடிவார ஊர் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜனவரி 25ஆம் தேதி முதல் வேலைநிறுத்தம், கடைகள் மூடப்பட்டன, ரயில் பாதை மறிக்கப்பட்டது. அந்த ஊருக்கு மோட்டார் சாலை கிடையாது. ரயில் நின்றால் எல்லாம் நின்றது. மாத இறுதியில் சர்க்கார் இறங்கி வந்து, அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. விற்பனை பின்னர் கலாசார இலாகாவின் சொந்த இணையதளத்துக்கு மாறியது.

பெரு சர்க்கார் சொன்ன காரணத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. பழைய முறையில் டிக்கட் கணக்குக்கும் உள்ளே போனவர் கணக்குக்கும் பொருத்தமில்லை, பொதுப் பணம் கசிந்தது என்பது அவர்கள் கட்சி. சர்க்கார் ஜன்னலில் லஞ்சம் இல்லை என்று சாதிக்க நாம் முன்வரப் போவதில்லை! குமாஸ்தாவின் கை நீளும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். ஆனால் குமாஸ்தா தவறு செய்தால் அவனை மாற்ற வேண்டும், கணக்கைப் பரிசோதிக்க வேண்டும், தினந்தோறும் எத்தனை சீட்டு யாருக்குப் போயிற்று என்று பகிரங்கமாக வெளியிட வேண்டும். குமாஸ்தா திருடுகிறான் என்பதற்காகக் கஜானாவையே வெளியாருக்குக் குத்தகை விடுவார் உண்டோ? குமாஸ்தாவைச் சட்டசபையில் கேள்வி கேட்கலாம். கம்பெனியைக் கேட்டால் வியாபார ரகசியம் என்று சொல்லிவிடும்.

பெருவில் நாம் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தினந்தோறும் 1,000 சீட்டுகளை மலையடிவார ஊரிலேயே, நேரில் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கி விற்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டிருக்கிறது. அதற்கும் நீண்ட வரிசை நிற்கிறது. விடியுமுன் வந்து நிற்கிறவர்களும் உண்டு. சிரமந்தான். ஆனாலும் இணையத்தில் தோற்றவனுக்கு இன்னொரு வாயில் திறந்திருக்கிறது. அந்த ஊர்ச் சிறு விடுதிக்காரனுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரனுக்கும் அந்த 1,000 பேரால் பிழைப்பு நடக்கிறது. ஜனங்கள் ரயிலை மறித்ததற்கு வெறும் கோபம் மாத்திரம் காரணமன்று; தங்கள் ஊர் மலைக்குப் போகும் வழியைத் தூரத்திலுள்ள ஒருவன் பூட்டித் திறப்பான் என்ற பயமும் காரணம்.

சரி, தரகரும் இல்லாமல், ஒப்பந்தக் கொள்ளையும் இல்லாமல் இது நடக்கக்கூடியதா? நடந்துகொண்டிருக்கிறது. ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமி ஹிட்லரின் ஆட்களுக்கு அஞ்சிக் குடும்பத்துடன் மறைந்திருந்த வீடு இருக்கிறது. குறுகலான படி, சின்னஞ் சிறிய அறைகள். பார்க்க விரும்புவோரோ உலகமெங்கும் இருக்கிறார்கள். அங்கே செவ்வாய்க்கிழமைதோறும், ஆறு வாரத்துக்குப் பிந்திய நாட்களுக்கான சீட்டுகளை விற்பனைக்கு விடுகிறார்கள். சீட்டு அந்த இல்லத்தின் சொந்த இணையதளத்தில் மாத்திரமே கிடைக்கும். வேறு கடையில் கிடையாது. அங்கும் ஏமாற்றம் உண்டு. இடமில்லை என்று திரும்புகிறவர்கள் அநேகர். ஆனால் இடமில்லாமல் திரும்புகிறவன் தெருக்கோடியில் அதே சீட்டு நான்கு மடங்கு விலைக்குத் தொங்குவதைக் காண்பதில்லை. இடமின்மையை மனிதன் பொறுப்பான். அநியாயத்தைப் பொறுக்க மாட்டான்.

நம் தேசத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. கொள்ளை நோய்க் காலத்தில் மூடியிருந்த தாஜ்மகாலை 2020ஆம் வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி மறுபடி திறந்தபோது, நாளொன்றுக்கு 5,000 பேர் என்று வரையறை வைத்தார்கள். டிக்கட் ஜன்னல்கள் மூடியிருந்தன. இணையத்தில் மட்டுமே சீட்டு. அந்தச் சமயத்துக்கு அது அவசியமாயிருக்கலாம். ஆனால் கைப்பேசியில் பணம் கட்டத் தெரியாத கிராமவாசி ஒருவன் ஆக்ராவுக்கு வந்து சேர்ந்தால், அவன் யாரிடம் போய் நிற்பான்? கைப்பேசி வைத்திருக்கும் தரகனிடந்தான். ரோமாபுரியில் யந்திரம் செய்ததை இங்கே அறியாமை செய்து கொடுக்கும்.

இன்னொன்று. புராதனச் சின்னங்களைத் தத்தெடுக்கும் திட்டம் என்று 2017இல் இந்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கிற்று. அதன்படி 2018ஆம் வருஷம் டில்லி செங்கோட்டையில் பிரயாணிகளுக்கு வசதிகள் செய்து கொடுக்கும் பொறுப்பை டால்மியா பாரத் கம்பெனி, 5 வருஷத்தில் 25 கோடி ரூபாய் என்ற கணக்கில், ஏற்றுக்கொண்டது. கோட்டையைத் தாரை வார்த்துவிட்டார்கள் என்று தேசமெங்கும் கூக்குரல் எழுந்தது. கோட்டை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை, வசதிகளைப் பற்றியதே ஒப்பந்தம் என்று சர்க்கார் சமாதானம் கூறிற்று. 2023இல் அத்திட்டத்தைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். குடிநீரும் கழிப்பிடமும் யார் செலவில் வந்தாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குடிநீர்க் குழாயைத் தொடர்ந்து டிக்கட் ஜன்னல் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சர்க்காரின் வாய்மொழியைவிட எழுத்து மேல்.

ஆகவே இந்தியத் தொல்பொருள் இலாகாவிடம் நாம் கேட்பது இவ்வளவே. எந்த ஒப்பந்தத்திலும் டிக்கட் விற்பனையைச் சேர்ப்பதில்லை என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். இணைய விற்பனை எவ்வளவு வளர்ந்தாலும், நேரில் வருகிறவனுக்கென்று ஒரு பங்கு ஜன்னலிலே இருக்கட்டும். அந்த ஜன்னலில் ரொக்கமும் செல்லட்டும். மொத்தமாகச் சீட்டு வாங்கும் கம்பெனிகள் எவை, எத்தனை வாங்கின என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். வெளியிடத் தயங்குவீர்களானால், தயங்குவதற்குக் காரணம் என்ன என்று பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

ரோமாபுரி விவகாரத்தில் மற்றொரு விஷயமும் கேட்கப்படாமலே இருக்கிறது. அபராதத் தொகையான 2 கோடி யூரோவும் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். 18 யூரோ சீட்டைப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் பல தேசத்தவர்; அவரவர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களிடமிருந்து அதிகப்படியாக வாங்கிய பணத்தை யார் திருப்பிக் கொடுப்பது?